பச்சைத் தண்ணீரும் பசி தீராத மீனும்

கரியாஹாட் மார்க்கெட்டில் மீன்கடைப் பக்கம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் சைவ அன்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது சமையல் குறிப்பு அல்ல. நம்மில் பலர் காலையில் நடக்கப் போகும் ரவீந்திர சரோவர் போன்ற ஏரிகளைப் பற்றியது.

ஏரி நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மிதக்கின்றன. அவற்றை மேய்ந்து நீரைத் தெளிய வைப்பவை கடுகளவும் இல்லாத நீர்த்தெள்ளுகள். மீன்கள் இந்தத் தெள்ளுகளைத் தின்றுவிட்டால் பாசி பெருகி, நீர் பச்சையாகிவிடும்.

தெள்ளை மட்டுமே நம்பியிருக்கும் மீன், அது தீர்ந்ததும் தானும் குறையும். தெள்ளுகள் மீண்டும் தலைதூக்கும். ஆனால் நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அந்தத் திலாப்பியா அப்படியல்ல. தெள்ளு இல்லையா, பாசி. அதுவும் இல்லையா, அடிச்சேற்று மக்கு! அதனால் மீன் குறைவதில்லை. தெள்ளுக்கு மறுவாழ்வும் இல்லை. சாதாக் கெண்டையோ சேற்றையும் கிளறிக் கலக்குகிறது.

"பாசியையும் தின்கிறதே, நீர் தெளியாதா?" என்று கேட்கலாம். பெரிய பாசி குறையும். ஆனால் மீனின் கழிவே உரமாகி, நுண்ணிய பாசி பெருகிவிடும்.

திலாப்பியா 1952-இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. பிற மீன்களுக்கு இடையூறு என்று 1959-இலேயே அதைப் பரப்புவதற்குத் தடை வந்தும், அது பரவிவிட்டது.

பச்சை நீர் எங்கும் கெடுதல் என்பதில்லை. நகரின் கிழக்கே, 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலத்தில், பேரி எனப்படும் மீன்குளங்களில் சாக்கடை நீரைத் தேக்கிப் பாசி வளர்க்கிறார்கள். அதைத் தின்று வளர்ந்த மீன் சந்தைக்கு வருகிறது. அங்கே பச்சை லாபம், ஏரியில் நஷ்டம்.

நெதர்லாந்தின் வெலுவமீர் ஏரியில் கழிவுச் சத்தைக் குறைத்ததோடு, 1990-களில் சேறு கிளறும் மீன்களையும் வலைவீசிக் குறைத்தார்கள். நீர் தெளிந்தது, நீர்த்தாவரங்கள் திரும்பின.

ஆகவே, ஏரிக்கரையில் குழந்தைகள் மீனுக்கு முடியும் (பொரி) மாவுருண்டையும் வீச ஆசைப்பட்டால் அன்போடு தடுங்கள். வீட்டுத் தொட்டி மீனை "புண்ணியம்" என்று ஏரியில் விடவும் வேண்டாம். மீனுக்கு நாம் போடும் தீனி, கடைசியில் பாசிக்குத்தான் உரமாகிறது.