கதவில் ஒட்டப்பட்ட வங்கி நோட்டீஸ்... வாடகைக்குக் குடியிருப்பவர் என்ன செய்யலாம்?

மாதம் பிறந்தால் 5-ம் தேதிக்குள் வாடகை போய்விடுகிறது. கரன்ட் பில், மெயின்டனன்ஸ் எதிலும் பாக்கி இல்லை. அப்படிப்பட்ட குடும்பத்தின் வாசல் கதவிலும் ஒரு நாள் வங்கி நோட்டீஸ் ஒட்டப்படலாம். 'இந்தச் சொத்து வங்கியின் சுவாதீனத்தில் எடுக்கப்பட்டுள்ளது. இதுகுறித்து யாரும் எந்தப் பரிவர்த்தனையிலும் ஈடுபட வேண்டாம்' என்று அதில் இருக்கும். அக்கம்பக்கத்தினர் நின்று படித்துவிட்டு, குடியிருப்பவர்தான் கடன் வாங்கி ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

கடன் வாங்கியவர் ஹவுஸ் ஓனர். தவணை கட்டாதவரும் அவர்தான். பிள்ளைகளின் பள்ளி, வேலைக்குப் போகிற தூரம், கொடுத்துவைத்த அட்வான்ஸ் என எல்லாவற்றையும் நினைத்துக் கலங்குவது மட்டும் வாடகைதாரர். அதிலும் பல லட்ச ரூபாயைக் கொடுத்து 'லீஸ்'க்குக் குடியிருப்பவர் என்றால், ஆபத்தில் இருப்பது அவரது வாழ்நாள் சேமிப்பு.

இந்த நிலையில் வாடகைதாரருக்கு என்ன உரிமை இருக்கிறது, எதுவரை இருக்கிறது என்பதைச் சட்டம் ஓரளவு தெளிவாகவே சொல்கிறது. அதில் பெரும்பகுதி, காகிதத்தில் இருக்கும் தேதிகளைப் பொறுத்தது.

வாடகைதாரருக்குக் கடைசியில்தான் தெரியும்!

அடமானம் வைத்த சொத்தை, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலேயே எடுத்து விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தருவது 2002-ம் ஆண்டின் 'சர்ஃபாசி' சட்டம். வீட்டுக்கடன் நிறுவனங்கள், கூட்டுறவு வங்கிகள் ஆகியவையும் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துகின்றன. தனிநபரிடம் ஓனர் அடமானக் கடன் வாங்கியிருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. கடன் கொடுத்தவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால், அந்தக் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின், 60 நாள்களுக்குள் முழுப் பாக்கியையும் கட்டச் சொல்லி, பிரிவு 13(2)-ன்கீழ் வங்கி நோட்டீஸ் அனுப்பும். இந்த நோட்டீஸ் கடன்தாரருக்கும் ஜாமீன்தாரருக்கும்தான் போகும். வாடகைதாரருக்குத் தனியாக அனுப்ப மாட்டார்கள். பணம் வரவில்லை என்றால் பிரிவு 13(4)-ன்கீழ் 'சுவாதீன அறிவிப்பு' தயாராகும். அதை வீட்டின் கதவிலோ, பளிச்சென்று தெரியும் இடத்திலோ ஒட்ட வேண்டும். 7 நாள்களுக்குள் 2 நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று அந்தப் பகுதி மொழியில் இருக்க வேண்டும்.

கூட்டிப் பார்த்தால், தவணை நின்று குறைந்தது 5 மாதங்கள் கழித்துத்தான் கதவில் காகிதம் ஏறுகிறது. அந்த 5 மாதங்களும் வாடகைதாரர் ஒன்றும் தெரியாமல் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார்.

சில அறிகுறிகள் முன்கூட்டியே தென்படலாம். ஓனர் பெயருக்கு வங்கியிலிருந்து பதிவுத்தபால்கள் இந்த முகவரிக்கே அடிக்கடி வருவது, வங்கி ஊழியர்கள் வந்து ஓனரை விசாரிப்பது, 'ஒரு வருஷ வாடகையை மொத்தமா குடுத்துடுங்க' என்று ஓனர் கேட்பது, மாத வாடகையை திடீரென லீஸாக மாற்றச் சொல்வது போன்றவற்றைக் கண்டால் தயங்காமல் ஓனரிடமே நேரடியாகக் கேட்டுவிடுவது நல்லது.

உடனே காலி செய்ய வேண்டுமா?

வேண்டாம். முதலில் ஒட்டப்படும் நோட்டீஸ் பெரும்பாலும் 'அடையாளச் சுவாதீனம்' மட்டுமே. அதாவது, சொத்து சட்டப்படி வங்கியின் பிடிக்குள் வந்துவிட்டது என்ற அறிவிப்பு. ஆட்களை வெளியேற்றிப் பூட்டுப் போடும் 'நேரடிச் சுவாதீனம்' அடுத்த கட்டம். வீட்டில் இருப்பவர்கள் ஒத்துக்கொள்ளாதபோது, பிரிவு 14-ன்கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனு கொடுக்கும். அந்த உத்தரவு கிடைத்த பிறகுதான் வழக்கறிஞர் ஆணையரோ, அதிகாரியோ போலீஸ் துணையுடன் வருவார். உத்தரவு எதுவும் இல்லாமல் வங்கியின் பெயரைச் சொல்லி வந்து மிரட்டினாலோ, சாமான்களை எடுத்து வெளியே வைத்தாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

இதற்கிடையே ஓனர் பாக்கியைக் கட்டி சொத்தை மீட்கவும் வழி உண்டு. ஏல அறிவிப்பு வெளியாகும் வரை அந்த வாய்ப்பு அவருக்கு இருக்கிறது. முதல் ஏலம் என்றால், அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடையே 30 நாள் இடைவெளி இருக்க வேண்டும்.

தலையெழுத்தை எழுதும் 3 தேதிகள்

வாடகை ஒப்பந்தம் போட்ட தேதி, வீட்டை அடமானம் வைத்த தேதி, 13(2) நோட்டீஸ் தேதி. இந்த மூன்றில் எது முந்தியது என்பதில்தான் வாடகைதாரரின் உரிமை நிற்கிறது.

*அடமானத்துக்கு முன்பே குடிவந்தவர்:* இவர் நிலை பலமானது. முறையான வாடகை உரிமை அடமானத்துக்கு முன்பே இருந்தால், வங்கி அவரை உடனே வெளியேற்ற முடியாது என்று 2014-ல் ஹர்ஷத் கோவர்தன் சோண்டாகர் வழக்கிலும், 2019-ல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வங்கியோ, ஏலத்தில் எடுத்தவரோ வாடகைக்காலம் சட்டப்படி முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

*அடமானத்துக்குப் பிறகு, நோட்டீஸுக்கு முன்பு குடிவந்தவர்:* நம்மூரில் பலர் இந்த ரகம்தான். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவு, அடமானம் வைத்தவர் வீட்டை வாடகைக்கு விட அனுமதிக்கிறது. ஆனால் நியாயமான வாடகை, முன்கூட்டியே வாடகை வாங்கக் கூடாது, கட்டடம் என்றால் 3 ஆண்டுகளுக்கு மேல் கூடாது என நிபந்தனைகள் உண்டு. அடமானப் பத்திரத்திலேயே 'வங்கியின் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடக் கூடாது' என்று எழுதியிருந்தால், வாடகைதாரரின் பிடி மேலும் தளரும்.

*13(2) நோட்டீஸுக்குப் பிறகு குடிவந்தவர்:* இவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. நோட்டீஸ் வந்த பிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது என்கிறது பிரிவு 13(13).

இத்துடன் இன்னொரு விஷயம். ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் உரிமை கோரினால், அதற்குப் பதிவு செய்யப்பட்ட பத்திரம் வேண்டும். வாய்வார்த்தையோ, பதிவு செய்யாத அக்ரிமென்ட்டோ ஓராண்டுக்கு மேல் கைகொடுக்காது என்று 2019 தீர்ப்பு சொல்கிறது. 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத அக்ரிமென்ட் போட்டு, அதையும் புதுப்பிக்காமல் வருடக்கணக்கில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி இது.

லீஸ் வீடு: மொத்தமாகப் போகும் ஆபத்து

மாத வாடகைக்கு இருப்பவர் இழக்கக்கூடியது அட்வான்ஸும் அலைச்சலும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, தனியாக வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை, அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. லீஸ் வீட்டின் கணக்கு வேறு. 8 லட்சம், 10 லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு, 'வாடகை இல்லை, காலி பண்ணும்போது முழுப்பணமும் திரும்ப வரும்' என்ற நம்பிக்கையில் குடியேறுகிறார்கள். நகையை விற்றும், பி.எஃப். பணத்தை எடுத்தும் கொடுப்பவர்கள் உண்டு.

அந்த வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. மாத வாடகை இல்லாமல் மொத்தத் தொகை வாங்கியதே 65-ஏ நிபந்தனைகளுக்கு முரணானது என்று வங்கி வாதாடலாம். ஏலப் பணத்திலிருந்து முதலில் ஏலச் செலவு, அடுத்து வங்கிக் கடன் போகும். மிச்சம் இருந்தால்தான் உரியவருக்கு. உதாரணமாக, வீடு 40 லட்சத்துக்கு ஏலம் போய், கடனும் வட்டியும் செலவும் 39 லட்சம் என்றால், 8 லட்சம் லீஸ் கொடுத்தவர் எதைக் கேட்பார்? ஓனர் மீது தனியாக வழக்குப் போட்டுத்தான் பணத்தைத் துரத்த வேண்டும். வீட்டையே இழந்த ஓனரிடம் என்ன இருக்கும் என்பது அடுத்த கேள்வி.

லீஸும் ஒத்தியும் ஒன்று என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சார் பதிவாளர் அலுவலகத்தில் முறைப்படி பதிவு செய்யப்பட்ட ஒத்தி, சொத்தின் மீதான ஓர் அடமானம். அது வில்லங்கத்தில் ஏறும். வங்கி அடமானத்துக்கு முந்தியதாக இருந்தால் முன்னுரிமையும் பெறும். பீரோவில் இருக்கும் பதிவு செய்யாத லீஸ் அக்ரிமென்ட்டுக்கு அந்த பலம் கிடையாது.

நோட்டீஸ் ஒட்டிய பிறகு செய்ய வேண்டியவை

1. நோட்டீஸைக் கிழிக்காதீர்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். கடன் தொகை, அடையாளச் சுவாதீனமா நேரடிச் சுவாதீனமா, அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பெயர், கிளை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஆதாரங்களைத் திரட்டுங்கள். வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அந்த முகவரிக்கு வந்த கேஸ் பில், பள்ளி ஆவணம், ஆதார் என, குடிவந்த தேதியைக் காட்டும் எதுவும் உதவும்.

3. அந்த அதிகாரிக்குப் பதிவுத்தபாலில் கடிதம் எழுதுங்கள். எப்போதிலிருந்து, எந்த ஒப்பந்தத்தில் குடியிருக்கிறீர்கள், எவ்வளவு முன்பணம் கொடுத்திருக்கிறீர்கள் என்று சொல்லி நகல்களை இணையுங்கள். வங்கிக்குத் தெரிந்த வில்லங்கங்களை ஏல அறிவிப்பில் குறிப்பிட வேண்டும் என்பது விதி. உங்கள் கடிதம் போய்விட்டால், குடியிருப்பவர் பற்றித் தெரியாது என்று பிறகு வங்கி சொல்ல முடியாது.

4. வாடகையை நிறுத்தாதீர்கள். ரொக்கமாகத் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள். 'அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க' என்று ஓனர் சொன்னால், எந்த மாதம் முதல், எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இனி வாடகையைத் தன்னிடம் கட்டும்படி வங்கி கேட்டால், அதையும் எழுத்தில் வாங்கி, வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

5. 45 நாள்களை மறக்காதீர்கள். வங்கியின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட வாடகைதாரர், 45 நாள்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் பிரிவு 17-ன்கீழ் மனு செய்யலாம். சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் உள்ளன. வாடகை உரிமையைத் தீர்ப்பாயமே ஆராய வேண்டும் என்று 2016-ல் சட்டத்தில் 17(4ஏ) சேர்க்கப்பட்டது. தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டிய விஷயங்களில் சிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்கிறது பிரிவு 34. தடை வாங்கலாம் என்று அங்கே ஓடி நாள்களைக் கரைத்துவிடக் கூடாது.

6. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

வழக்கு வேண்டாம், நிம்மதியாக வேறு வீடு பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் வங்கியிடமோ ஏலத்தில் எடுத்தவரிடமோ, பள்ளித் தேர்வு முடியும் வரை என்பதுபோல் குறிப்பிட்ட அவகாசம் கேட்டுப் பேசலாம். குடியிருப்பவர் தானாகக் காலி செய்தால், வங்கிக்கும் செலவும் நேரமும் மிச்சம். என்ன பேசினாலும் அதை எழுத்தில் வாங்க வேண்டும்.

வீடு பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள்

காற்று வருகிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதுபோல, வில்லங்கமும் பார்க்கலாம். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழைக் கட்டணமின்றிப் பார்க்க முடியும். சார் பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் தெரிந்தால் போதும். ஓனரின் பத்திர நகலில் இவை இருக்கும். உரிமைப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்த பதிவு, அதாவது பேச்சுவழக்கில் 'எம்.ஓ.டி.', இருக்கிறதா, கடன் அடைத்ததற்கான ரசீது ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்யாத அடமானம் வில்லங்கத்தில் தெரியாது. எனவே, லீஸ் என்றால் அசல் பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். அடமானங்களைப் பதிவு செய்யும் 'செர்சாய்' என்ற மத்தியப் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம்.

வீட்டின் மேல் கடன் இருப்பது குற்றமல்ல. வாடகை வாங்கி தவணை கட்டும் ஓனர்கள் எத்தனையோ பேர். மாத வாடகை, 2, 3 மாத அட்வான்ஸ் என்றால் அப்படிப்பட்ட வீட்டுக்குக் குடிபோவதில் பெரிய பயம் இல்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, வாடகை ஆணையத்தில் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். லட்சக்கணக்கில் லீஸ் என்றால் மட்டும், வங்கியின் எழுத்துபூர்வ சம்மதமும், சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். 'அதெல்லாம் எதுக்குங்க, நம்ம மேல நம்பிக்கை இல்லையா?' என்று ஓனர் கேட்டால், அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்த டூலெட் போர்டைத் தேடுவது உத்தமம்.