அறிவுக்கு அளவுகோல் செய்தவர்



உங்கள் உயரம் எவ்வளவு என்று கேட்டால், சுவரோரம் நின்று அளந்து சொல்லிவிடுவீர்கள். எடையைப் பார்க்கத் தராசு இருக்கிறது. காய்ச்சலைப் பார்க்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. சரி, ஒருவருடைய அறிவை எதை வைத்து அளப்பது?

‘மார்க்கை வைத்துத்தான்!’ என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. பல ஆண்டுகள் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். மார்க் குறைந்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ‘மக்கு’ என்று கூப்பிடுவதையும், அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொள்வதையும் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம், ஆசிரியர் பயிற்சியின்போது நான் படித்த ஒரு பெயர் நினைவுக்கு வரும். ஆல்பிரட் பினே என்பது அந்தப் பெயர். அவர் பிரான்ஸ் நாட்டு உளவியல் அறிஞர். மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதுதான் உளவியல். அவருடைய கதையைக் கேளுங்கள்.

தேர்வாளர் சொன்ன சொல்

பினே 1857-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி, நீஸ் என்ற கடற்கரை நகரில் பிறந்தார். அப்பா மருத்துவர். அம்மா ஓவியர். பள்ளிப் படிப்பை முடிக்கும் தேர்வில், ஒரு கிரேக்கத் தத்துவ ஞானியின் பெயரைப் பினே மாற்றிச் சொல்லிவிட்டார். உடனே தேர்வாளர், தத்துவச் சிந்தனை உனக்கு ஒருபோதும் வராது என்று சொல்லிவிட்டாராம்!

ஒரு பெயர் தவறியதற்கு ‘ஒருபோதும்’ என்று தீர்ப்பா? பினே அதை மறக்கவே இல்லை. ஐம்பது வயதைக் கடந்த பிறகு எழுதிய புத்தகத்தில்கூட அதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

முதலில் அவர் சட்டம் படித்து, 1878-இல் பட்டம் பெற்றார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய், உளவியல் நூல்களைத் தாமாகவே படிக்க ஆரம்பித்தார்.

காந்தம் கற்பித்த பாடம்

பாரிஸில் சால்பெட்ரியே என்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே சார்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவரிடம் பினே சேர்ந்தார். மனோவசியத்தில் இருக்கும் நோயாளியின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனால், உடலின் ஒரு பக்கத்தில் தெரியும் அசைவு மறு பக்கத்துக்கு மாறிவிடுகிறது என்று பினேவும் அவருடைய நண்பரும் எழுதினார்கள். எல்லோரும் வியந்தார்கள்.

பெல்ஜியம் நாட்டு அறிஞர் டெல்போ மட்டும் நம்பவில்லை. நேரில் வந்து பார்த்தார். காந்தம் எதுவும் செய்யவில்லை! அடுத்து என்ன நடக்கும் என்று நோயாளியின் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். நோயாளியும் அவர்கள் எதிர்பார்த்தபடியே செய்தார். அவ்வளவுதான்.

பினேவுக்குப் பெரிய அவமானம். ஆனாலும் தவறு நடந்துவிட்டது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கேட்பவர் கேட்கும் விதமே பதிலை மாற்றிவிடும் என்ற பாடத்தை அன்று கற்றார். அது வாழ்நாள் முழுவதும் அவருக்கு உதவியது.

வீடே ஆய்வுக்கூடம்

பினேவுக்கு மேடலின், ஆலிஸ் என்று இரண்டு பெண் குழந்தைகள். இருவருடைய விளையாட்டையும் பேச்சையும் அவர் உன்னிப்பாகக் கவனித்தார்.

மேடலினுக்கு 4 வயது. அவளுக்கு இன்னும் ஒழுங்காக எண்ணத் தெரியாது. அவள் முன் வட்டமான வில்லைகளை இரண்டு கூட்டமாக வைத்து, ‘எதில் அதிகம்?’ என்று கேட்டார். எல்லா வில்லைகளும் ஒரே அளவில் இருந்தபோது, எண்ணாமலேயே சரியாகச் சொன்னாள். பிறகு ஒரு கூட்டத்தில் குறைவான வில்லைகளை வைத்தார். ஆனால் அவை பெரிய வில்லைகள். மேடலின் பெரிய வில்லைகளைக் காட்டி, ‘இதில்தான் அதிகம்’ என்றாள்! அதாவது எண்ணிக்கையைப் பார்க்காமல், எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்திருக்கிறாள்.

தவறான விடைக்குள்ளும் ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது பார்த்தீர்களா? குழந்தை சிந்திக்கவில்லை என்று அர்த்தமில்லை. வேறு மாதிரி சிந்திக்கிறது!

பிறகு பினே, பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, அதன் இயக்குநராகவும் ஆனார். தலை பெரிதாக இருந்தால் அறிவும் அதிகம் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். பினேவும் பள்ளிப் பிள்ளைகளின் தலையை அளந்து பார்த்தார். நன்றாகப் படிப்பவர், படிக்காதவர் இருவருக்கும் இருந்த வித்தியாசம் மிகமிகச் சிறியது. தம்முடைய எதிர்பார்ப்பே தம் கையை ஏமாற்றுமோ என்றும் சந்தேகப்பட்டார். ஆகவே அந்த முறையைக் கைவிட்டார்.

அமைச்சர் கொடுத்த வேலை

பிரான்ஸில் 1882-இல் ஒரு சட்டம் வந்தது. 6 வயது முதல் 13 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் கல்வி கற்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் வகுப்பில் சிலரால் மற்றவர்களோடு சேர்ந்து போக முடியவில்லை. அவர்களுக்கு உதவ 1904-இல் கல்வி அமைச்சர் ஒரு குழு அமைத்தார். பினே அதில் ஓர் உறுப்பினர்.

யாருக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியரைக் கேட்டால், சேட்டை செய்யும் பையனை வகுப்பை விட்டு அனுப்ப நினைக்கலாம். மருத்துவர்களைக் கேட்டால், ஒரே பிள்ளைக்கு ஆளுக்கொரு விதமாகச் சான்று எழுதினார்கள். கண் மதிப்பாகச் சொன்னால் ஒரு குழந்தையின் வாழ்க்கையே வீணாகிவிடுமே என்று பினே கவலைப்பட்டார்.

தியோடர் சைமன் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து, 1905-இல் 30 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலைச் செய்தார். சுலபமானதில் தொடங்கி, போகப்போகக் கடினமாகும். காகிதம் சுற்றிய மிட்டாயைக் குழந்தை பிரித்துத் தின்கிறதா? சொன்ன மூன்று எண்களைத் திரும்பச் சொல்கிறதா? ஈக்கும் பட்டாம்பூச்சிக்கும் என்ன வித்தியாசம்? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஐந்து பெட்டிகளை எடைப்படி அடுக்க முடியுமா? பெரும்பாலான சோதனைகளுக்குப் படிக்கவோ எழுதவோ தெரிய வேண்டியதில்லை. பள்ளிக்கே போகாத பிள்ளையும் பதில் சொல்லலாம்.

1908-இல் பாரிஸ் பள்ளிகளில் 203 பிள்ளைகளைச் சோதித்து, கேள்விகளை 3 வயது முதல் 13 வயது வரை பிரித்து அடுக்கினார்கள். ‘குதிரை என்றால் என்ன?’ என்று கேட்டால், 6 வயதுப் பிள்ளை அது எதற்குப் பயன்படும் என்று சொல்லும். 9 வயதுப் பிள்ளை ‘அது ஒரு விலங்கு’ என்று சொல்லும். 8 வயதுப் பிள்ளையால் 6 வயதுக்குரிய கேள்விகளுக்கு மட்டுமே பதில் சொல்ல முடிந்தால், அதன் ‘மனவயது’ 6. அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் பினே ஓர் எச்சரிக்கையும் செய்தார். அறிவு என்பது உயரம் மாதிரி ஒரே கோட்டில் அளக்கும் பொருள் அல்ல. இந்த எண் இன்றைய நிலையைக் காட்டும். நாளைய நிலையைக் காட்டாது.

சிலை விளையாட்டு

அளந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புகளில், மனத்துக்கு உடற்பயிற்சி போலச் சில விளையாட்டுகளைச் சேர்த்தார். சிலை மாதிரி அசையாமல் நிற்க வேண்டும். தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைச் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். ஓர் அட்டையில் இருக்கும் 9 பொருள்களை 5 விநாடி மட்டும் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

ஒருநாள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் அந்த வகுப்பைப் பார்க்க வந்தார்கள். ‘நாங்களும் முயன்று பார்க்கிறோம்’ என்றார்கள். பிள்ளைகள் அளவுக்கு அவர்களால் எழுத முடியவில்லை. வகுப்பில் ஒரே சிரிப்பு!

அறிவு கூடவே கூடாது என்று சொல்வது கொடுமை, பயிற்சியால் அது வளரும் என்று 1909-இல் வெளிவந்த புத்தகத்தில் பினே எழுதினார். ‘ஒருபோதும்’ என்று சொன்ன தேர்வாளருக்கு அதுதான் அவருடைய பதில்!

கருவி கை மாறியது

1911-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் தேதி, 54-ஆவது வயதில் பினே காலமானார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ஸ்டெர்ன், மனவயதை உண்மையான வயதால் வகுக்கும் முறையைச் சொன்னார். 1916-இல் அமெரிக்காவின் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். 10 வயதுப் பிள்ளையின் மனவயது 12 என்றால், 12-ஐ 10-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க 120 வரும். இதுதான் ‘ஐ.க்யூ.’ என்ற நுண்ணறிவு ஈவு. இப்போது கணக்கிடும் முறை வேறு. ஒரே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறார்கள்.

உதவி செய்யப் பிறந்த அளவுகோல், சிலர் கையில் முத்திரை குத்தும் கருவி ஆனது. 1913-இல் அமெரிக்காவின் எல்லிஸ் தீவில், கப்பலில் வந்து இறங்கிய ஏழை மக்களிடம் கோடார்ட் என்பவரின் குழு இந்தக் கேள்விகளைக் கேட்டது. பயணக் களைப்பு, புதிய இடம், தெரியாத மொழி. பாவம், அவர்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? ‘அறிவு குறைந்தவர்கள்’ என்று பலர்மீது முத்திரை விழுந்தது. தம் கருத்துகளில் சில தவறானவை என்று கோடார்டே 1928-இல் ஒப்புக்கொண்டார்.

குழந்தைகளே! தெர்மாமீட்டர் காய்ச்சலைக் காட்டினால், அம்மா உங்களைத் திட்டுவதில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். மார்க்கும் அப்படித்தான். எங்கே உதவி தேவை என்று அது காட்டுகிறது. உங்கள் வகுப்பில் மார்க் குறைந்த நண்பனை இனி ‘மக்கு’ என்று சொல்லாதீர்கள். ‘எந்தக் கணக்கு புரியவில்லை?’ என்று கேளுங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு தட்டில் பென்சில், சாவி, பொத்தான் என்று 9 பொருள்களை வையுங்கள். 5 விநாடி பார்த்துவிட்டுத் துணியால் மூடுங்கள். நினைவில் இருப்பதை எழுதி, எத்தனை சரி என்று குறித்துக்கொள்ளுங்கள். தினமும் பொருள்களை மாற்றி ஒரு வாரம் விளையாடுங்கள். ஏழாம் நாள் எண்ணையும் முதல் நாள் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா, அம்மாவையும் விளையாடக் கூப்பிடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்கள் மாதிரி அவர்களும் தோற்றால், ரொம்பச் சிரிக்காதீர்கள்!