யார் அசுரன், அப்பனா மகனா?

கோவில்பட்டி அருகே ஆண்டிப்பட்டியில் பிறந்தவர் எழுத்தாளர் பூமணி. 1982-இல் வெளிவந்த அவருடைய ‘வெக்கை’ நாவலின் நாயகன் 15 வயதுச் சிதம்பரம். அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டிவிட்டு, அப்பாவோடு காடுமேடெல்லாம் அலைகிறான். 2019-இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ படமாக்கியபோது, கதையின் பாரம் அப்பன் சிவசாமியின் தோளுக்கு மாறியது. பஞ்சமி நிலப் பிரச்சினையும் சேர்ந்தது.

மூத்த மகனை மீட்க ஊரார் காலில் விழும் சிவசாமியைக் கோழை என்பாரும் உண்டு. பிள்ளையின் உயிர்தான் அவருக்குப் பெரிது என்கிறோம் நாம். எதிர்த்து நின்ற மகனும் பொறுத்துப் போன அப்பனும் நம் தெருக்களில் இன்றும் இருக்கிறார்கள்.

1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் பல ஊர்களில் பிறர் கையில் கிடக்கிறது. பெரியதாழை மாணவர்களே, படத்தோடு நிற்காமல் நாவலையும் படியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் ஊர் அ-பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள்.