லோடு ஏத்திப் பாரு: ஒரு பவர் விண்டோவும் ஒரு மன்னிப்பும்

வழக்கமா இங்க சர்வர், ஆப், கோடுன்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு பிக்கப் வண்டியோட கண்ணாடியைப் பத்திப் பேசப் போறேன். இதுல நான் பண்ண ஒரு தப்பும் இருக்கு. அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

என் மாமா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல இருந்து பொள்ளாச்சி வழியா பாலக்காட்டுக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். சொந்த பிக்கப், பவர் விண்டோ வெச்ச மாடல். நாலு வருஷம் ஓடின பிறகு டிரைவர் பக்கக் கண்ணாடி மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. ஒரு நாள் இறங்கும், ஏறாது. மறுநாள் காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி ஏறும். மழைக்காலத்துல பாதியில நின்னா, பாலக்காடு போய்ச் சேர்றதுக்குள்ள மாமாவோட வலது தோள் முழுக்க நனைஞ்சிடும்.

மூடின நிலையில நின்னா இன்னும் மோசம். யாராவது பேப்பர் கேட்டா கதவையே திறக்கணும். ஒரு ராத்திரி அப்படித் திறந்தப்போ, பின்னாடி வந்த பைக் கதவுல மோதாம நூலிழையில தப்பிச்சுது. மறுநாள் காலையிலயே மாமா போன் பண்ணிட்டார். "மாப்ள, நீ இன்ஜினியர்தானே, வந்து பாரு."

அதுக்குள்ள ஊர்ல இருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருத்தர் ஃப்யூஸ் மாத்தியாச்சு, புது மோட்டாரும் போட்டாச்சு. மூணு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

கதவுக்குள்ள என்ன நடக்குது?

பேட்டரியில இருந்து மின்சாரம் ஃப்யூஸ் வழியா சுவிட்சுக்கு வருது. அங்கிருந்து ரெண்டு வயர் மோட்டாருக்குப் போகுது. சும்மா இருக்கும்போது, பெரும்பாலான வண்டிகள்ல அந்த ரெண்டு வயருமே எர்த்துல இருக்கும். ஏத்துற பக்கம் அழுத்தினா ஒரு வயருக்கு 12 வோல்ட் வரும். இறக்குற பக்கம் அழுத்தினா இன்னொரு வயருக்கு வரும். மின்சாரத்தோட திசை மாறும்போது மோட்டார் சுத்துற திசையும் மாறுது. மோட்டார் சுத்துறதைக் கண்ணாடியோட ஏற்ற இறக்கமா மாத்துற அமைப்புக்குப் பேர் ரெகுலேட்டர்.

இன்னொரு விஷயம். பல மோட்டார்கள்ல சூடு தாங்காம போனா தானே நின்னுடுற பாதுகாப்பு இருக்கு. ரப்பர் பீடிங் காய்ஞ்சு கண்ணாடி இறுகிடுச்சுன்னா மோட்டார் திணறி, சூடாகி, நின்னுடும். ஆறின பிறகு மறுபடி ஓடும். அதனால "கொஞ்ச நேரம் கழிச்சு வேலை செய்யுது"ன்னா உடனே வயரைச் சந்தேகப்படவும் முடியாது.

நான் பண்ண தப்பு

நான் மல்டிமீட்டரோட போனேன். கதவு உள்பக்க பேனலைக் கழட்டி, மோட்டார் கனெக்டரைப் பிடுங்கி, அதோட ரெண்டு முனையில மீட்டரை வெச்சேன். சுவிட்சை அழுத்தினா 12.4 வோல்ட். மறுபக்கம் அழுத்தினா மைனஸ் 12.4. அழகான ரீடிங்.

"மாமா, வயர் சரி, சுவிட்ச் சரி. மோட்டார்தான் பிரச்சினை. அவர் டூப்ளிகேட் போட்டிருக்கார்"னு அடிச்சுச் சொல்லிட்டேன். மாமா அங்கேயே ஸ்பீக்கர்ல போட்டு அந்த அண்ணனைக் கேட்டுட்டார். ரொம்ப வருஷப் பழக்கம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வண்டியைக் கடைக்குக் கொண்டு வாங்கண்ணே"ன்னு மட்டும் சொல்லி வெச்சுட்டார்.

கடையில அவர் எங்களோட எதுவும் பேசலை. மோட்டார் வயரை நேரா பேட்டரியில தொட்டுக் காட்டினார். விர்ருன்னு சுத்துச்சு. அப்புறம் கழட்டி வெச்சிருந்த பழைய மோட்டாரையும் தொட்டார். அதுவும் சுத்துச்சு. "இது என் தப்பு. அன்னைக்கே இப்படி வெச்சுப் பார்த்திருக்கணும்"னார்.

அடுத்து ஒரு ஹெட்லைட் பல்புல ரெண்டு வயர் கோத்து, நான் மீட்டர் வெச்ச அதே கனெக்டர்ல சொருகினார். சுவிட்சை அழுத்தினா பல்பு மங்கலா மஞ்சளா எரிஞ்சுது. "தம்பி, இப்போ உங்க மீட்டரை வைங்க." வெச்சேன். 7 வோல்ட்தான் காட்டுச்சு. கதவை மெதுவா ஆட்டினார். பல்பு விட்டு விட்டு எரிஞ்சுது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவுல, கீலுக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போற எல்லா வயரும் அதுக்குள்ளதான் போகுது. அதைப் பின்னாடி தள்ளிப் பார்த்தா, வெளிய எந்தக் காயமும் இல்லை. ஆனா ஒரு வயரை லேசா இழுத்ததும் ரப்பர் பேண்டு மாதிரி நீண்டுச்சு. வெட்டிப் பார்த்தா உள்ள செப்பு இழைகள் பச்சை பூத்து, ஒண்ணு ரெண்டைத் தவிர எல்லாம் அறுந்திருந்துச்சு. லோடு வண்டி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் கதவு திறந்து மூடியிருக்கும்!

அப்போ மீட்டர் பொய் சொல்லுச்சா?

இல்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. மீட்டர் இழுக்கிற மின்சாரம் ஒரு ஆம்பியர்ல ஆயிரத்துல ஒரு பங்குகூடக் கிடையாது. அதுக்கு ஒரு இழை போதும், முழு 12 வோல்ட்டும் வந்து சேரும். ஆனா கண்ணாடியைத் தூக்க மோட்டாருக்குப் பல ஆம்பியர் வேணும். வழியில 1 ஓம் தடை இருந்தா, 5 ஆம்பியர் போகும்போது 5 வோல்ட் அங்கேயே தொலைஞ்சிடும். மிச்சம் இருக்கிறதுல கண்ணாடி ஏறாது. புது மோட்டார் மூணு வாரம் ஓடினதுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். மாத்தும்போது வயர் அசைஞ்சு, அறுந்த இழைகள் தற்காலிகமா ஒண்ணையொண்ணு தொட்டிருக்கும்.

உங்க வண்டியில இப்படி வந்தா

முதல்ல ராத்திரியில கேபின் லைட்டைப் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணி சாவியை ஆன்ல வெச்சு, சுவிட்சை அழுத்திப் பாருங்க. லைட் மங்கினா மோட்டாருக்கு மின்சாரம் போகுது, கண்ணாடி இறுகியிருக்கலாம். மங்கவே இல்லைன்னா மின்சாரம் போய்ச் சேரலை.

மோட்டார் சத்தம் கேட்குது, கண்ணாடி மட்டும் அசையலைன்னா ரெகுலேட்டரைப் பாருங்க. கதவை ஆட்டும்போது மட்டும் வேலை செஞ்சா கீல்கிட்ட வயர். பீடிங் இறுகியிருந்தா சிலிகான் ஸ்பிரே அடிங்க. கிரீஸ் வேண்டாம், தூசி ஒட்டும்.

ஃப்யூஸ் போகுதுன்னு பெரிய ஃப்யூஸ் போடாதீங்க. அது காப்பாத்துறது வயரை. பெரிசா போட்டா வயர் தீப்பிடிக்கலாம். பேனலைக் கழட்டினா கண்ணாடியை டேப் போட்டு நிறுத்திட்டுக் கையை உள்ள விடுங்க. அறுந்த வயரை அங்கேயே முறுக்கி டேப் சுத்தினா மறுபடி அறும். அண்ணன் வளையிற இடத்துல ஜாயின்ட் வராதபடி, அதே தடிமன்ல நல்லா வளையிற வயரை நீளமா போட்டார். ரெண்டு முனையையும் தள்ளி வெச்சு ஜாயின்ட் அடிச்சார்.

வேலை முடிஞ்சதும் லேபர் வேண்டாம்னுட்டார், வயர் காசு மட்டும் போதும்னார். நான் போய், "அண்ணே, டூப்ளிகேட்னு சொன்னது நான்தான். மன்னிச்சிடுங்க"ன்னேன். "பரவாயில்லை தம்பி, ஆனா போன்ல கேட்டப்போ கஷ்டமாத்தான் இருந்துச்சு"ன்னார். மாமா லேபரைக் கட்டாயப்படுத்தி அவர் சட்டைப் பையில வெச்சார்.

திரும்பி வரும்போது மாமா கண்ணாடியை ஏத்தி ஏத்தி இறக்கிக்கிட்டே சொன்னார்: "காலி வண்டி எந்த மேட்டையும் ஏறிடும் மாப்ள. லோடு ஏத்துனாதானே தெரியும்." ஆபீஸ்ல வாராவாரம் லோடு டெஸ்ட் ஓட்டுறவன் நான். பதில் சொல்ல வாய் வரலை.

ஆறு மாசம் ஆச்சு, கண்ணாடி ஒழுங்கா ஏறி இறங்குது. உங்க கதவுக்குள்ளயும் ஏதாவது கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.