ஆர்ச்சி பங்கரின் நாற்காலி

துணி நைந்துபோன இந்த நாற்காலியைப் பழைய சாமான் கடையில் சில டாலருக்கு வாங்கினார்கள். 1971 முதல் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் இதில் சாய்ந்துகொண்டு ஊர் உலகத்தைத் திட்டித் தீர்த்தவர் ஆர்ச்சி பங்கர். மாப்பிள்ளை தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் போச்சு!

ஆர்ச்சியாக நடித்த கேரல் ஓ'கானர் 1924இல் நியூயார்க்கில் பிறந்தார். போர்க்காலத்தில் வணிகக் கப்பலில் வேலை, டப்ளினில் படிப்பு, பிறகு நாடக மேடை. ஆர்ச்சியின் இனவெறிப் பேச்சுக்கு நேர் எதிரான கொள்கைக்காரர் என்பதுதான் வேடிக்கை. இந்த வேடம் அவருக்கு நான்கு எம்மி விருதுகளைத் தந்தது.

1978இல் நாற்காலி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டது, தொடரோ அப்போது முடிந்திருக்கவில்லை. அதனால் தொடருக்காக அச்சு அசலாக இன்னொன்று செய்யப் பல ஆயிரம் டாலர் ஆனது.

தயவுசெய்து உட்காராதீர்கள்.