நாக்கில்லாத தவளை சொன்ன சேதி

முழங்காலில் சிராய்ப்பு. அதோடு குளத்தில் இறங்கினால் வீட்டில் சும்மா விடுவார்களா? "புண்ணு சீழ் வைக்கும், ஏறு கரைக்கு!" என்று சத்தம் வரும். சரிதான். கலங்கிய தண்ணீரில் பாக்டீரியாக்கள் ஏராளம். அவற்றுக்குப் புண் என்பது திறந்த கதவு.

அப்படியானால் தவளை என்ன செய்கிறது? அது கிடப்பதே அந்தத் தண்ணீரில்தானே?

அமெரிக்காவில் பெத்தெஸ்டா என்ற ஊரில் தேசிய சுகாதார நிறுவனம் இருக்கிறது. அங்கே மைக்கேல் ஜாஸ்லாஃப் என்ற மருத்துவர் ஆராய்ச்சி செய்துவந்தார். அவருக்குத் தேவைப்பட்டது தவளை முட்டை. ஆப்பிரிக்க நகத் தவளையின் வயிற்றைக் கீறி முட்டையை எடுப்பார். தையல் போட்டு, மறுபடியும் அழுக்குத் தொட்டியில் விட்டுவிடுவார். காயம் தானாக ஆறிவிடும். சீழ் கிடையாது.

ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்தது: சீழ் பிடித்திருக்க வேண்டுமே, ஏன் பிடிக்கவில்லை? விடை தவளையின் தோலிலேயே இருந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடு வகை ஒன்றை அதிலிருந்து பிரித்தெடுத்து, 1987-இல் உலகுக்கு அறிவித்தார். அதற்கு 'மகைனின்' என்று பெயர் வைத்தார். எபிரேய மொழியில் 'மகேன்' என்றால் கேடயம்!

பெப்டைடு என்றால்? அமினோ அமிலங்களை மணிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். நீளமாகக் கோத்தால் புரதம். குட்டிச் சரமாகக் கோத்தால் பெப்டைடு. மகைனினில் 23 மணிகள்தான்.

இந்தச் சரத்தில் நேர்மின்னூட்டம் இருக்கிறது. பாக்டீரியாவின் வெளிப்புறத்தில் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஈர்க்குமே! சரம் போய் ஒட்டிக்கொண்டு பாக்டீரியாவின் சவ்வைப் பொத்தலாக்கிவிடும். உள்ளே இருப்பது கசிந்து பாக்டீரியா செத்துப்போகும். தவளையின் சொந்தச் செல்களின் வெளிப்புறத்தில் எதிர்மின்னூட்டம் மிகக் குறைவு. அதனால் அவை தப்பிக்கின்றன.

தவளைக்கு மட்டும்தானா இந்தக் கேடயம்? மாட்டைப் பாருங்கள். முள்ளும் முரட்டுப் புல்லும் மென்று நாக்கில் கீறல் விழுகிறது. வாய் நிறைய பாக்டீரியா. ஆனாலும் அந்தக் கீறல்கள் பெரும்பாலும் ஆறிவிடுகின்றன. ஜாஸ்லாஃபும் கூட்டாளிகளும் தேடினார்கள். 1991-இல் மாட்டின் மூச்சுக்குழாயிலும், 1995-இல் நாக்கிலும் இப்படிப்பட்ட பெப்டைடுகள் கிடைத்தன. நாக்கில் காயம்பட்ட இடத்தைச் சுற்றி அந்தப் பெப்டைடு கூடுதலாக உருவானது!

கால்நடைகளுக்கு நோய் வந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறோம். கண்டபடி கொடுத்தால் பாக்டீரியாக்கள் அதற்குப் பழகி, மருந்து பலிக்காமல் போகும். அதனால்தான் பெப்டைடுகளை மருந்தாக்கப் பார்க்கிறார்கள். பாலில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் 'நிசின்' என்ற பெப்டைடை, மடிநோய் வராமல் இருக்க மாட்டின் காம்புகளைத் துடைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விழுங்கக் கொடுப்பதில்தான் சிக்கல். பருப்பிலுள்ள புரதத்தைப் போல இதையும் வயிறு செரித்துவிடும்!

ஒரு வேடிக்கை தெரியுமா? நகத் தவளைக்கு நாக்கே கிடையாது. மாட்டின் நாக்கில் என்ன இருக்கிறது என்று தேட வைத்ததோ அதுதான்!