தறிகள் மாறவில்லை, உற்பத்தி உயர்ந்தது

மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளில் நெசவாலைகள் நிறைய உண்டு. நூலை வெளியில் வாங்கி, சட்டைத்துணியும் பேன்ட் துணியும் நெய்து விற்கும் குடும்பத் தொழில்கள் அவை. 2008-இல் நிக்கோலஸ் புளூம், டேவிட் மெக்கென்சி உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் அந்த ஆலைகளுக்குள் நுழைந்தார்கள். கிடங்கில் நூல் கோன்கள் ரகம் பிரிக்காமல் குவிந்து கிடந்தன. தறிகளுக்கு நடுவே குப்பை, தரையில் கருவிகள். நெய்து முடித்த துணியில் பழுது பார்த்துச் சரிசெய்வதற்கே ஆட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் தேவைப்பட்டார்கள்.

இத்தனைக்கும் இவை நட்டத்தில் ஓடியவை அல்ல. அதனால்தான் முதலாளிகளுக்கு எதையும் மாற்றத் தோன்றவில்லை. பக்கத்து ஆலையும் இப்படித்தானே ஓடுகிறது!

தொழில் ஆலோசகரை அழைத்தால் உண்மையிலேயே பலன் உண்டா? இதற்குப் பதில் சொல்வது எளிதல்ல. ஆலோசனை நிறுவனங்கள், தம்மால் முன்னேறியதாகச் சில வாடிக்கையாளர்களைக் காட்டும். ஆனால் முன்னேறத் துடிக்கும் முதலாளிதான் ஆலோசகரைத் தேடிப் போவார். அவர் தானாகவே முன்னேறியிருக்கவும் கூடும். அதனால், புதிய மருந்தைச் சோதிக்கும் முறையையே ஆய்வாளர்கள் இங்கும் கையாண்டார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்ட 20 ஆலைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். எல்லா ஆலைகளிலும் அக்சென்ச்சர் நிறுவனத்தின் ஆலோசகர்கள் ஒரு மாதம் தங்கிக் குறைகளைக் கண்டறிந்து சொன்னார்கள். 14 ஆலைகளில் மட்டும் மேலும் நான்கு மாதம் உடனிருந்து நடைமுறைகளை மாற்றினார்கள். மற்ற ஆறும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கானவை.

மாற்றியவை பார்வைக்குச் சின்னச் சின்ன விஷயங்கள். பழுதுகளைக் குறித்துவைக்கும் நோட்டு முன்பே இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் புகார் சொன்னால் எடுத்துக்காட்டத்தான் அது பயன்பட்டது. இப்போது எந்தத் தறியில், எந்த ஷிஃப்டில், யார் நெய்தபோது, என்ன வகைப் பழுது என்று தினமும் எழுதினார்கள். அதை வைத்து மேலாளர்கள் தினமும் கூடிப் பேசினார்கள். நூலை ரகவாரியாக அடுக்கி, இருப்பைக் கணக்கில் ஏற்றினார்கள். தறி நின்றபின் ஓடிப்போய்ப் பார்ப்பதை விட்டு, முன்கூட்டியே பராமரிக்க அட்டவணை போட்டார்கள். இப்படி மொத்தம் 38 நடைமுறைகள்.

ஓராண்டில் இந்த 14 ஆலைகளில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. துணிப் பழுதுகள் நாற்பது சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. நூல் இருப்பில் முடங்கிக் கிடந்த பணமும் குறைந்தது. மூன்றாண்டுகளுக்குள் இந்த நிறுவனங்கள் கூடுதல் ஆலைகளைத் திறந்தன. 2013-இல் குவாட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் இதழில் முடிவுகள் வெளிவந்தன.

இதில் கணினியின் இடம் கவனிக்கத்தக்கது. அந்த ஆலைகளில் கணினிப் பயன்பாடு கூடியது உண்மை; தினமும் எழுதிய தரவைச் சேர்த்து அலச அது தேவைப்பட்டது. ஆனால் எதை அளக்க வேண்டும், யார் பார்க்க வேண்டும், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்பது முதலில் தெளிவானது. சிறுதொழில் நடத்துவோருக்கு மென்பொருள் விற்பவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். கேள்வியே இல்லாத இடத்தில் கணினியை வைத்தால், பழைய நோட்டின் இடத்தில் திரை வரும். அதையும் யாரும் பார்க்கப் போவதில்லை.

இன்னொரு பலனை முதலாளிகளே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஆட்கள் நூலைத் திருடிவிடுவார்களோ என்ற அச்சத்தில், முக்கிய முடிவுகளைக் குடும்பத்து ஆண்களே தம் கையில் வைத்திருந்தார்கள். எத்தனை அண்ணன் தம்பிகள் இருக்கிறார்களோ அந்த அளவுக்குத்தான் தொழிலும் வளர முடிந்தது. தரவு ஒழுங்காக வரத் தொடங்கியதும், மேலாளர்களிடம் கூடுதல் அதிகாரத்தை விட அவர்களால் முடிந்தது.

2017-இல் ஆய்வாளர்கள் மீண்டும் அதே ஆலைகளுக்குப் போனார்கள். புதிதாகப் பழகிய நடைமுறைகளில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தது. ஆலை மேலாளர் வேலையை விட்டுப் போனது ஒரு காரணம். உரிமையாளருக்கு நேரம் கிடைக்காதது இன்னொன்று. ஆனாலும் ஒப்பீட்டு ஆலைகளைவிட இவை இன்னமும் தெளிவாக முன்னால் இருந்தன. அதே குடும்பங்களின், ஆலோசனை பெறாத மற்ற ஆலைகளுக்கும்கூட இந்த நடைமுறைகளில் பல பரவியிருந்தன.